அண்ணனுக்கு ஒத்துக்கொண்ட மருந்து

"யாரு முதல்ல?" என்று மாமா குரல் கொடுத்தால் அந்த வீட்டில் பொழுது விடிந்தது என்று பொருள்.

அடுப்பு மேடையில் இரண்டு தம்ளர்கள் இருக்கும். இரண்டிலும் அடி நனைகிற அளவுக்குத் தண்ணீர். மாத்திரைகளை அதில் போட்டு, நுரைத்துக் கரையும்வரை ஸ்பூனால் கலக்குவது மாமாவின் வேலை. கரையும்போது ஒரு பழவாசனை எழும். எந்தப் பழம் என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

"இது மாத்திரை செய்யறவங்க வீட்டு மரத்துல மட்டும் காய்க்கிற பழம்" என்பார் மாமா. "நமக்கெல்லாம் பழம் கிடையாது, வாசனை மட்டும்தான்."

பெரியவனுக்கு ஒன்பது வயது. தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவான். ஒரு சொட்டு விழாது. அவன் தங்கைக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் பிறந்ததிலிருந்து வீட்டில் அவள் பொடிசுதான். பொடிசு தம்ளரை முகர்ந்து பார்ப்பாள். கீழே வைப்பாள். மறுபடி எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விடுவாள்.

"மாமா, பாதியை நீங்க குடிங்களேன்."

"என் பங்கை நான் குடிச்சு முடிச்சாச்சுடி கண்ணு. இன்னொரு தரம் குடிச்சா போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்."

"அண்ணனைப் பாரு" என்பாள் அம்மா, அவசரமாகத் தலையை வாரிக்கொண்டே. "அவன் குடிக்கலையா? அதே மருந்துதானே?"

அதே மருந்துதான். அந்த வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நோய் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே மருந்து.

மாமா அம்மாவின் தம்பி. லாரி ஓட்டியவர், கல்யாணம் ஆகாதவர். ஓட்டம் இல்லாத நாட்களில் அக்கா வீட்டு முன்னறைதான் அவருக்கு வீடு. போன வருடம் அவருக்கு இருமல் வந்தது. ரோட்டுத் தூசி என்றார். பிறகு சிகரெட் என்றார்; சிகரெட்டை விட்டார், இருமல் அவரை விடவில்லை. காசநோய் என்று கண்டுபிடிப்பதற்குள், ஒரே மின்விசிறிக் காற்றில் இரண்டு குழந்தைகளையும் மடியில் போட்டுக்கொண்டு எத்தனையோ கதைகள் சொல்லி முடித்திருந்தார். அவர் குணமாகி எழுந்த சமயத்தில் குழந்தைகளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் தொடங்கியது.

"ஊர் ஊராச் சுத்திட்டு, பிள்ளைங்களுக்கு நான் வாங்கிட்டு வந்தது இதுதான்" என்று ஒருநாள் வேடிக்கை போலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு மருந்து கொடுக்கும் வேலையை யாரையும் கேட்காமல் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். லாரியை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெரு டயர் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனதும் அதற்காகத்தான். காலையில் வீட்டில் இருக்க வேண்டுமே.

மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

"முதல்ல குமட்டும். பசிக்காது. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல வரும். நான் அதைப் பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிட்டேன். அந்த நர்ஸம்மா சிரிக்கிறாங்க, 'அது மருந்தோட சாயம்பா, போ'ன்னு. எல்லாம் கொஞ்ச நாள்தான். பழகிடும்."

அவர் சொன்னபடியே நடந்தது. "மாமா! எனக்கும் ஆரஞ்சு!" என்று கழிப்பறையிலிருந்து பெரியவன் கத்தினான். "சபாஷ்! நம்ம கட்சிக்கு வந்துட்டான்!" என்று மாமா கைதட்டினார். பொடிசு தன்னுடையதையும் வந்து பார்க்கச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டாள். வீடே சிரித்தது. பயத்தைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவர் மாமா. அது நல்ல குணம்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று வந்து ஒளிந்துகொள்ளலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். மேஜைக்கு மேலே பளீரென்று ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. பக்கத்துக் கொக்கியில் மாதிரிச் சட்டை ஒன்று தொங்கும். 'இப்படித்தான் வேண்டும்' என்று வாங்குகிறவர்கள் முத்திரையிட்டு அனுப்பியது. வருகிற ஒவ்வொன்றையும் அந்த மாதிரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். காலர் அதே போல மடங்குகிறதா, கை அதே நீளமா, நிறம் ஒத்துப்போகிறதா. போகாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். வெள்ளைத் துணியில் கடுகளவு எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அவளிடம் அதிகம் திட்டு வாங்குகிறவள் காலர் தைக்கும் ஒரு பெண். எல்லோரும் அவளை நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தையலில் குறை இருக்காது, வேகம்தான் கிடையாது. அவள் மெஷின் பக்கத்தில் துணிக்கட்டுகள் மலைபோலக் குவிந்து கிடக்க, அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பக்கத்துல இருக்கறவ தைக்கலையா? அதே மெஷின்தானே? அதே நூல்தானே?" என்று அம்மா கேட்பாள்.

"எல்லாம் அதேதான்க்கா. கைதான் என்னோடது" என்பாள் நத்தை. வரிசை முழுக்கச் சிரிக்கும். அம்மாவுக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொண்டு முறைப்பாள்.

அவள் கடுமையானவள் அல்ல. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கரை தெரிகிறபோதுதான் போன் வரும். வேலை, வீடு, நோய் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு, ஒவ்வொன்றுக்கும் நின்று தனித்தனியாக யோசிக்க நேரம் ஏது? காலையில் கிளம்புமுன் குழந்தைகள் இருவர் தலையிலும் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். "ரெண்டையும் குறையில்லாமக் குணமாக்கிக் கொடு, கடவுளே" என்று சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வாள்.

பெரியவன் தேறினான். காய்ச்சல் நின்றது, கன்னம் உப்பியது, ஒரு நாள் பந்தை அடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தான். அம்மா அவனைத் திட்டிவிட்டு உள்ளே வந்து சந்தோஷத்தில் அழுதாள். பொடிசுக்கும் காய்ச்சல் நின்றது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் இருந்ததை வட்டமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு வாந்தி.

"எனக்கும் இருந்துச்சே" என்றார் மாமா. "பழகிடும்."

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு அவர்தான் போவார். "குழந்தைங்களுக்கு வாந்தி, வயித்து வலி, கண்ணுல மஞ்சள் ஏதாவது இருக்கா?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள்.

"சின்னதுக்கு வாந்தி கொஞ்சம் இருக்கு சிஸ்டர்."

"அப்ப கூட்டிட்டு வாங்க, பார்க்கணும்."

"வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார். கூட்டிப்போகவில்லை. வீட்டிலும் அதைச் சொல்லவில்லை. அவர் படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருந்தான். பாதியில் மருந்தை விட்டவன். திரும்பி வந்தபோது வாய் வழியாக ரத்தம். ஒரு காலையில் அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டு வேறு ஆளைப் படுக்க வைத்தார்கள். குழந்தையைக் கூட்டிப்போனால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று மாமாவுக்குப் பயம். அந்தப் பயத்தையும் அன்பையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காலை நேரம் போர்க்களமாயிற்று.

"வயிறு வலிக்குதும்மா."

"அண்ணனுக்கு வலிக்குதா? அவனுக்கு வராத வலி உனக்கு மட்டும் எங்கேயிருந்துடி வருது?"

"எனக்குத் தெரியல."

"எல்லாம் நடிப்பு. எனக்கு வேலைக்கு நேரமாகுது. வாயைத் திற."

அம்மா மூக்கைப் பிடிப்பாள். மாமா தாடையைத் தாங்கி ஊற்றுவார். வாந்தி எடுத்தால் மறுபடி கரைப்பார்கள். பெரியவன் தன் காலித் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடி, "நான் எப்பவோ முடிச்சுட்டேன்" என்பான்.

பொடிசின் சிறுநீர் கறுத்துக்கொண்டு வந்தது. "காபி மாதிரி இருக்கு மாமா" என்று அவளே சொன்னாள்.

மாமா எட்டிப் பார்த்தார். "ஆரஞ்சு கொஞ்சம் கெட்டியாயிடுச்சு. தண்ணியே குடிக்க மாட்டேங்கிறியே, வேற எப்படி இருக்கும்?"

நியாயமான விளக்கம்தான். தெரிந்தவர் சொன்ன விளக்கம். அந்த வீட்டின் ஒற்றை மஞ்சள் பல்பின் கீழே எல்லோருடைய முகமும் ஒரே நிறமாகத்தான் இருந்தது.

பள்ளியில் பொடிசு பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மாமாவுக்குப் பதிலாக நிற்கக் கடையில் வேறு ஆள் இல்லை. அம்மா சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு, குழந்தையைத் தொழிற்சாலைக்கே கூட்டிக்கொண்டு போனாள். செக்கிங் மேஜைக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டாள். பொடிசு அதில் சுருண்டு படுத்தாள். மெஷின்கள் அவ்வளவு சத்தம் போட்டும் கண் திறக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளை மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் நத்தை எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். "பாப்பாவுக்குத் தண்ணி கொடுத்தீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்து, பாட்டிலை வாயருகே பிடித்தாள். பொடிசு மெல்லக் கண்ணைத் திறந்தாள். நத்தை எதையும் நிதானமாகப் பார்க்கிறவள். அந்தக் கண்களையும் அப்படித்தான் பார்த்தாள்.

"அக்கா, பாப்பா கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

அம்மா திரும்பினாள். வெள்ளைக் குழல்விளக்கு குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. கொக்கியில் அன்றைக்கு வெள்ளை மாதிரிச் சட்டை. கை தன்னால் போய் அந்தச் சட்டையின் முனையை இழுத்துக் குழந்தையின் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தது.

ஒத்துப்போகவில்லை.

கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சள். எத்தனை நாளாக இப்படி இருந்திருக்கிறது? கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு முன்னால் தினமும் காலையில் நின்ற முகம் அது.

"அம்மா," என்றாள் பொடிசு, சட்டையைப் பார்த்தபடி, "நான் ரிஜெக்டா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மாவின் மேஜைப் பேச்செல்லாம் அவளுக்குத் தெரியும். அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. "மருந்து எல்லாத்தையும் இப்பவே நிறுத்தறோம்" என்றாள். கல்லீரல் அடிபட்டிருக்கிறது. அதைக் காட்டும் ரத்த அளவு, இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு ஏறியிருக்கிறது.

டயர் கடையிலிருந்து கறுத்த கையோடு ஓடி வந்திருந்த மாமா குறுக்கே வந்தார். "நிறுத்தாதீங்க டாக்டர். நிறுத்தினா நோய் திரும்பிடும். நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"திரும்பலாம். நிறுத்தலைன்னா அதுக்கு முன்னாடியே கல்லீரல் போயிடும். கல்லீரலைத் தொந்தரவு பண்ணாத ரெண்டு மருந்து மட்டும் இப்போதைக்குப் போகட்டும்."

"கல்லீரலுக்கு என்ன மருந்து கொடுப்பீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"நிறுத்தறதுதான் மருந்தும்மா. அது தானாத் தேறணும். நாம பார்த்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்."

அம்மாவுக்கு அது புரியவில்லை. "அதே மருந்துதான் டாக்டர், பெரியவனும் குடிக்கிறான். அதே தண்ணி, ஒரே அலமாரித் தம்ளர். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவள் உட்கார்ந்ததே ஒரு பெரிய உபகாரம்.

"மருந்து அதேதான். உடம்பு வேற. இந்த மருந்துல ஒண்ணைச் சில உடம்பு சீக்கிரமா மாத்தி வெளியே தள்ளிடும். சில உடம்பு மெதுவாத்தான் தள்ளும். அது பிறக்கும்போதே வர்றது. அம்மாகிட்டயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டயிருந்து ஒண்ணு. ஒண்ணு வேகமா இருந்தாலே சமாளிச்சுக்கும். ரெண்டுமே மெதுவானதா வந்துட்டா, மருந்து உள்ளேயே தேங்கி நிக்கும்."

அம்மாவின் கண்ணில் நத்தையின் மெஷின் வந்து நின்றது. "மெதுவாத் தைக்கிறவ பக்கத்துல துணிக்கட்டு குவியுமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்னு வெச்சுக்கோங்க."

"அது முன்னாடியே தெரியாதா? ஒரு சோதனை பண்ணிப் பார்த்திருந்தா?"

"சோதனை இருக்கு. இங்கே பண்ற வசதி இல்ல. பண்ணியிருந்தாலும் உறுதியாத் தெரிஞ்சிருக்காது. மெதுவான உடம்பு ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும். அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இதே மருந்தைக் குடிச்சுட்டு நல்லாத்தான் இருக்காங்க. பாப்பாவுக்கு அதனாலதான் ஆச்சுன்னுகூட என்னால உறுதியாச் சொல்ல முடியாது. வாந்தி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

மாமா எழுந்து வெளியே போனார்.

அப்பாவின் போன் எங்கோ கடலிலிருந்து விட்டுவிட்டு வந்தது. அம்மா முடிந்தவரை சொன்னாள்.

"எங்க வீட்ல எல்லாரும் கல்லைத் தின்னாலும் செரிக்கிறவங்க. உங்க பக்கம்தான் இருக்கும்" என்றார் அவர்.

"ரெண்டு பேரும் கொடுத்தாத்தான் அப்படி வருமாம்ங்க."

 

"இங்கே கப்பல் முழுக்க என் கையால சாப்பிடுது" என்றார் அவர், என்ஜின் இரைச்சலுக்கு நடுவே. "என் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட முடியல."

பிறகு காத்திருப்பு. எதையாவது செய்துகொண்டே வாழ்ந்தவளுக்கு, செய்ய ஒன்றும் இல்லாத நாற்காலி எவ்வளவு பெரிய தண்டனை! அம்மா விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். நீவிய இடத்தையே மறுபடி நீவினாள். குழந்தை உடம்பெல்லாம் அரித்து அரித்துச் சொறிந்தாள். பிறகு சொறியக்கூட அலுத்துத் தூங்கினாள். காலையில் வந்ததும் டாக்டரம்மா, "உன் பேர் என்ன?" என்று கேட்பாள். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். "பொடிசு" என்று கண்ணை மூடிக்கொண்டே பதில் வரும். டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் பதில் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது பொடிசு உதட்டை மட்டும் அசைத்தாள். டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். ஒரு பாட்டிலை மாற்றினார்கள். பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அவர் அம்மாவின் தோளைத் தொட்டார். அந்தத் தொடல் அவளை மிகவும் பயமுறுத்தியது.

அன்றைக்கு அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். எப்போதும் போலச் சேர்த்து அல்ல. இந்த ஒருத்திக்கு மட்டும், இவள் உடம்புக்கு மட்டும். இவள் வயிற்று வலியை நான் நம்பவில்லையே, அதையும் மன்னித்துவிடு என்று.

மத்தியானம் வராந்தாவுக்கு வந்தாள். மாமா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர் வார்டுக்குள் நுழையவில்லை.

"மாத்திரை கொடுக்கற நர்ஸ் பாப்பாவைப் பார்க்க வந்தாங்க. அப்பவே கூட்டிட்டு வரச் சொன்னாங்களாமே. ஏன்டா என்கிட்ட சொல்லல?"

மாமா பக்கத்துக் கட்டில்காரனைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நோயையும் நானே கொண்டு வந்தேன், மருந்தையும் நானே ஊத்தினேன்க்கா" என்றார்.

திட்ட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். சொற்கள்கூட வாய் வரை வந்துவிட்டன. ஆனால் தம்பியின் கைகள் முழங்கால்மேல் கிடந்தன. நகக்கண்ணில் டயர்க் கறுப்பு. தினமும் காலையில் மருந்து கரைக்குமுன் அந்தக் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், குழந்தை தம்ளரில் அழுக்குப் படக்கூடாது என்று.

"மூக்கைப் பிடிச்சது நான்தானேடா" என்று சொல்லி அவளும் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மாமா பெரியவனைக் கூட்டிவந்தார். சிறுவர்களை உள்ளே விடமாட்டார்கள். வார்டு வாசலில் அம்மா வந்து நின்றாள்.

"இவன் இப்பல்லாம் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டறதில்லக்கா" என்றார் மாமா மெதுவாக. "கதவுக்குப் பின்னால போய் நின்னு குடிக்கிறான்."

பெரியவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் தினமும் ஜெயிச்சேன்ல. அதனாலதான் அவளைத் திட்டினீங்களாம்மா?"

அம்மா அவன் முன்னால் மண்டியிட்டாள். "உன் தப்பு இல்லடா ராஜா. நீ நல்லா இருக்கறது தப்பே இல்ல." அவன் நம்பினானா என்று தெரியவில்லை. தலையாட்டினான்.

மறுநாள் நத்தை வந்தாள், கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஒரு கவுன். மிச்சத் துணியில் தைத்தது. வெண்ணெய் போல மெத்தென்று இருந்தது. விரித்துப் பார்த்த அம்மாவின் கண் பழக்கத்தில் தையலைத் தேடியது. தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் இருந்தது.

"பாப்பாவுக்கு அரிக்குதுன்னு சொன்னாங்க" என்றாள் நத்தை கூச்சத்தோடு. "மடிப்பு உள்ளே இருந்தா உறுத்துமேன்னு வெளியே திருப்பித் தைச்சுட்டேன். காலரும் வைக்கல. செக்கிங்ல போகாதுக்கா."

அம்மா கவுனை முகத்தில் வைத்துக்கொண்டாள். அத்தனை நாள் அடக்கியது அப்போதுதான் வெளியே வந்தது. நத்தை அவசரப்படவில்லை. அது அவளுக்குத் தெரியாத வேலை. அழுகை ஓயும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து, குழந்தையை எழுப்பாமல், ஒரு கை, மறு கை என்று மெல்ல அந்தக் கவுனை மாட்டிவிட்டார்கள். அதனால் கல்லீரல் ஒன்றும் தேறிவிடவில்லை. ஆனால் பொடிசு அன்று சொறியாமல் தூங்கினாள். நம் கைக்கு எட்டுகிற உதவி சில சமயம் அவ்வளவுதான். அதையும் செய்யாமல் விட்டால் கடவுளிடம் மற்றதைக் கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?

அதற்கடுத்த காலையில், "உன் பேர் என்ன?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"தினமும் கேக்கறீங்க, மறந்து மறந்து போயிடுவீங்களா?" என்றாள் பொடிசு.

டாக்டரம்மா சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தத்தில் அந்த அளவு ஏறியது போல வேகமாக இறங்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் குறையும்; மறுநாள் அங்கேயே நிற்கும். கண்ணின் மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. அரைத் துண்டு ரொட்டி உள்ளே போனது. வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா நினைத்த நேரத்தில் டாக்டரம்மா மறுபடியும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"நோய் இன்னும் உள்ளே இருக்கு. பழைய மருந்துகளை ஒவ்வொண்ணா மறுபடி ஆரம்பிக்கணும். கொஞ்சமாக் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, அப்புறம் அடுத்தது."

"அந்த மருந்தா? அதையேவா?"

"அதைவிட நல்ல மருந்து இந்த நோய்க்குச் சுலபமாக் கிடையாதும்மா. ஒத்துக்கலைன்னா விட்டுடுவோம். வேற வழி தேடுவோம். அது நீளமான வழி."

முதல் மருந்து ஒத்துக்கொண்டது. ரத்தத்தில் எதுவும் ஏறவில்லை. அடுத்தது, டாக்டரம்மா சந்தேகப்பட்ட மருந்து.

அன்று காலை நர்ஸ் சின்னக் கிண்ணத்தையும் மாத்திரைத் துண்டையும் கொண்டுவந்து வைத்தாள். மாமா முதல் முறையாக வார்டுக்குள் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "நீயே கரைடா" என்றாள் அம்மா. அவர் மறுத்தார். அவள் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள். ஸ்பூன் கிண்ணத்தில் பட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. 'யாரு முதல்ல' என்று அவர் கேட்கவில்லை. பழவாசனையும் வரவில்லை. இது அந்தக் கூட்டு மாத்திரை அல்ல, அதில் சேர்ந்திருந்த ஒரு மருந்து மட்டும்.

பொடிசு கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"அண்ணன் இதைக் குடிச்சானா?"

"குடிச்சான். அது அவன் உடம்புடி."

"எனக்கு மறுபடி வாந்தி வருமா?"

வராது என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் அம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. "தெரியலடி செல்லம்" என்றாள்.

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. குடிச்சுப் பார்த்தாத்தான் தெரியுமாம்."

பொடிசு யோசித்தாள். பெரியவர்கள் எல்லோரும் தன்னைப் போலவே முழித்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். மாமாவை ஒருமுறை பார்த்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

"மெதுவாக் குடிக்கட்டுமா?"

"மெதுவாவே குடி."

அவள் ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். நடுவில் நிறுத்தி ஜன்னலை வேடிக்கை பார்த்தாள். கவுனின் வெளித்தையலை விரலால் தடவினாள். மறுபடி ஒரு மிடறு. யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் மூக்கைத் தொடவில்லை. காலியான கிண்ணத்தை அவள் கவிழ்த்துக் காட்டவும் இல்லை, மாமாவிடம் நீட்டினாள்.

ரத்தம் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு வேலை இல்லை.

"வயிறு எப்படிடி இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் தெரியலம்மா" என்றாள் பொடிசு. "வலிச்சா சொல்றேன்."

"சொல்லு. சின்னதா வலிச்சாலும் சொல்லு. நம்புறேன்."

பொடிசு தலையணையில் சாய்ந்தாள். அம்மா அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.